கடல் பைத்தியம்

எங்கள் சொந்தத்தில் எனக்குக் கடல் பைத்தியம் என்று ஒரு பெயர் உண்டு. கல்யாணமாகி, பிள்ளை பெற்று, தலை நரைத்த பிறகும் அந்தப் பெயர் என்னை விடவில்லை. விசேஷ வீடுகளில் பந்திக்குக் காத்திருக்கும் நேரத்தில் யாராவது ஒருவர், "இவ சின்னப் புள்ளைல கடல உட்டு வர மாட்டேன்னு ஒரு நாளெல்லாம் அழிச்சாட்டியம் பண்ணுனாளே" என்று தொடங்கிவிடுவார். கேட்கிறவர்கள் சிரிப்பார்கள். நானும் கூடச் சேர்ந்து சிரித்து வைப்பேன். உண்மையில் கடல் அன்றைக்கு எனக்கு வெகு சீக்கிரத்திலேயே அலுத்துவிட்டது. கால் கொப்பளித்து, வயிறு காய்ந்து, எப்போது வீட்டுக்குப் போவோம் என்று ஏங்கிக்கொண்டிருந்தவள் நான். செய்யாத குற்றத்துக்கு வாங்கிய பெயர் அது. யாரிடமும் இதுவரை மறுத்ததில்லை, மறுத்தால் அத்தையைப் பற்றிச் சொல்ல வேண்டியிருக்கும்.

நல்லேப்பிள்ளியில் எங்களுக்குக் கொஞ்சம் வயலும் ஒரு தென்னந்தோப்பும் இருந்தன. எங்கள் வீட்டுக்குள் மீன் நுழையாது. ஆனால் தோப்புக்குள் லாரி நிறைய நுழையும். எழுபதுகளில் தென்னைக்குக் காய்ந்த மத்தியைப் போல உரம் இல்லை என்று அப்பா அடித்துச் சொல்வார். மழைக்காலம் முடிந்து மத்தி மலிந்து கிடக்கும் மாதங்களில், பொன்னானிக் கரையில் தின்று தீராத மீனை மணலில் பரப்பிக் காயவைத்து, மூட்டை பிடித்து உரத்துக்கு விற்பார்கள். அப்பா பக்கத்துத் தோட்டக்காரரோடு பங்கு போட்டு ஒரு லாரி பேசிக்கொண்டு வருஷத்துக்கு ஒருமுறை போய் ஏற்றி வருவார். அது வந்து இறங்கிய பிறகு ஊர் ஜனம் மூக்கைப் பிடித்துக்கொண்டு எங்கள் தோப்பைச் சுற்றிப் போகும். எங்கள் வீட்டில் தென்னைமரம் மட்டும்தான் அசைவம் என்று அம்மா சொல்வாள்.

அந்த வருஷம் எனக்கு ஏழோ எட்டோ வயது. தம்பி பிறந்து அதிக நாளாகவில்லை. வீட்டில் அதுவரை நான் ஒருத்தியாக அனுபவித்து வந்த சலுகைகளெல்லாம் தூளிக்குள் போய்விட்டதால், நான் எதற்கெடுத்தாலும் தரையில் விழுந்து புரண்டுகொண்டிருந்தேன். அம்மாவுக்கு என்னிடமிருந்து ஒரு நாளாவது விடுதலை வேண்டியிருந்தது. அப்பா என்னைப் பொன்னானிக்குக் கூட்டிப்போவதாக ஒப்புக்கொண்டார். அப்பா உரம் பார்க்கும்போது என்னைப் பார்க்க ஓர் ஆள் வேண்டுமே. அப்படித்தான் அத்தை கிளம்பினாள்.

அத்தை அப்பாவின் கடைசித் தங்கை. கொழிஞ்சாம்பாறைப் பக்கம் கட்டிக்கொடுத்திருந்தார்கள். மாமா ஒரு நாள் காலையில் அத்தை கொடுத்த சோற்றுப் பாத்திரத்தை வாங்கி வைத்து, மாட்டுவண்டி பூட்டிக்கொண்டு பொள்ளாச்சிச் சந்தைக்குப் போனார். போகிற வழியில் மாடு மிரண்டு வண்டி கவிழ்ந்துவிட்டது. இழவு வீட்டில் அத்தையின் மாமியார் அழுத அழுகையில் என்னென்னவோ சொல்லியிருப்பார். அவற்றில் ஒன்று மட்டும் அழியாமல் நின்றுவிட்டது. "இவ கையில சோத்துப்போசிய வாங்கிட்டுத்தான போனான்." அத்தை எங்கள் வீட்டுக்கு வெள்ளைப் புடவையோடு திரும்பி வந்தபோது அந்த வார்த்தையும் அவளோடு வந்தது.

எங்கள் வீட்டில் அத்தையை யாரும் ஒதுக்கவில்லை. அவளாக ஒதுங்கிக்கொண்டாள், ஒதுங்காதே என்று யாரும் சொல்லவும் இல்லை. சமையல் பாதி அவள் கையில்தான். ஆனால் வெளியூர் கிளம்புகிறவர்களுக்கு அவள் ஆக்கிய சோற்றைக் கட்டிக் கொடுப்பது அம்மாவாகத்தான் இருக்கும். வீட்டிலிருந்து ஒருவர் நல்ல காரியமாக இறங்கும் நேரத்தில் அத்தை கொல்லைப்புறம் போய்க் கிணற்றடியில் நின்றுகொள்வாள். இதில் எனக்கும் ஓர் உத்தியோகம் இருந்தது. அப்பா செருப்பை மாட்டும்போதே நான் கொல்லைக்கு ஓடி, "அத்தே, பொறப்படறாங்க" என்று சொல்லிவிட வேண்டும். அவள் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு நகர்ந்துவிடுவாள். வீட்டில் எனக்கென்று கொடுக்கப்பட்டிருந்த ஒரே வேலை அது என்பதால் நான் அதை மிகவும் பொறுப்பாகச் செய்துவந்தேன். ஏன் சொல்ல வேண்டும் என்று கேட்கத் தோன்றியதில்லை.

பொன்னானிக்குக் கிளம்பிய அன்றும் அத்தை வாசல் வழியாக வரவில்லை. எங்களுக்கு முன்பே கொல்லை வழியாக இறங்கி, வரப்பு வழியே போய், கால்வாய்ப் பாலத்தருகே வயலைப் பார்த்துத் திரும்பி நின்றிருந்தாள். லாரி அங்கே போய் நின்றது. அவள் ஏறி என்னை மடியில் வைத்துக்கொண்டாள். கிளம்பும்போது எதிரே வரக்கூடாதவள், கிளம்பிய பிறகு பக்கத்திலேயே உட்கார்ந்து வரலாம் என்பது எங்கள் ஊர்ச் சட்டத்தில் இருந்த ஓட்டை போலிருக்கிறது.

பொன்னானியில் இறங்கியதும் எனக்கு முதலில் தெரிந்தது கடல் இல்லை, நாற்றம். எங்கள் தோப்பில் ஒரு மூலையில் அடிக்கும் நாற்றம் அங்கே ஊர் முழுக்க நிறைந்திருந்தது. இரண்டாவதாகத் தெரிந்தது அங்கிருந்த பெண்கள். மீன் பரப்பிய மணலில் குனிந்தும் நிமிர்ந்தும் வேலை செய்த பெண்களில் பாதிப் பேருக்கு மேல் வெள்ளை உடுத்தியிருந்தார்கள். வெள்ளை முண்டு, முழங்கை தாண்டிய வெள்ளைச் சட்டை, தலையில் வெள்ளைத் துணி. அவர்களில் கர்ப்பிணிகள் இருந்தார்கள், இடுப்பில் குழந்தை வைத்தவர்கள் இருந்தார்கள், காதில் வரிசையாக வளையம் போட்டவர்கள் இருந்தார்கள். "இங்க எல்லாரும் அத்தை மாதிரியே சேலை கட்டியிருக்காங்க" என்று நான் சொன்னேன். அப்பா வேறு பக்கம் பார்த்துத் தொண்டையைச் செருமிக்கொண்டார். லாரியில் வந்த நேரமெல்லாம் கவிழ்ந்தே இருந்த அத்தையின் முகம் அப்போது நிமிர்ந்தது.

அப்பாவுக்குத் தரகரோடு பேரம் பேச வேண்டியிருந்தது. பேரம் என்றால் அப்பாவுக்கு அவசரம் கிடையாது, அதை அவர் ருசித்துச் செய்வார். போவதற்கு முன்னால் தண்ணீரைக் காட்டி என்னிடம், "அம்முணி, இத்தனையும் நம்ம தண்ணிதான் பாத்துக்க. நம்ம வயல்ல மிச்சமாகி ஓடறதெல்லாம் ஆத்துல உளுந்து இங்கதா வந்து சேருது" என்றார். அந்தப் பெரிய கடலை எங்கள் வாய்க்காலின் கடைமடை என்றே அவர் நினைத்திருந்தார் என்று தோன்றுகிறது. பிறகு அத்தையிடம், "சித்த நேரம் அப்பிடியே நடந்துட்டு வாங்க. ஆழத்துக்குப் போயிராதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

நாங்கள் நடந்தோம். ஆற்றங்கரையை ஒட்டி ஓடு வேய்ந்த பழைய சரக்குக் கிட்டங்கிகள் வரிசையாக இருந்தன. அவற்றின் நிழலில் ஆட்கள் உட்கார்ந்து கால் கட்டைவிரலில் வலையை மாட்டி இழுத்துப் பிடித்துக் கிழிசல் தைத்துக்கொண்டிருந்தார்கள். தார் பூசக் கவிழ்த்து வைத்த வள்ளங்களின் அடியில் ஆடுகள் படுத்திருந்தன. ஒரு பருந்து தாழப் பறந்து மணலில் கிடந்த மீனைக் கொத்திக்கொண்டு போனது. அத்தை முதலில் எங்கள் ஊரில் நடப்பது போலவே நடந்தாள். எதிரே ஆள் வந்தால் நின்று, ஓரமாக ஒதுங்கி, முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வந்தவர்கள் அவளைப் பார்த்து நடையை மாற்றவில்லை, காறித் துப்பவில்லை, திரும்பிப் போகவில்லை. தலைச்சுமையோடு வந்த ஒருவர் அவள் எதற்கு நிற்கிறாள் என்று தெரியாமல் அவரும் நின்று, அவள் போகட்டும் என்று காத்திருந்தார். இருவரும் ஒருவருக்கொருவர் வழிவிட்டபடி கொஞ்ச நேரம் நின்றார்கள். கடைசியில் அத்தைதான் போனாள்.

அதற்குப் பிறகு அவள் ஒதுங்குவது குறைந்துகொண்டே வந்தது. ஆறு கடலில் சேரும் முகத்துக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது அத்தை பாதையின் நடுவில் நடந்துகொண்டிருந்தாள். ஆற்றுத் தண்ணீர் பழுப்பாகவும் கடல் தண்ணீர் பச்சையாகவும் ஒரு கோடு போட்டுப் பிரிந்து நின்றதை எனக்குக் காட்டினாள். சேலையைக் கொஞ்சம் தூக்கிச் செருகிக்கொண்டு கணுக்கால் தண்ணீரில் இறங்கினாள். அலை வந்து முழங்கால்வரை நனைத்தபோது வாய்விட்டுச் சிரித்தாள். அத்தைக்குச் சிரிக்கும்போது கன்னத்தில் குழி விழும் என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது. அவளை எனக்கு அந்த நிமிஷத்தில் ரொம்பவும் பிடித்திருந்தது. அலையைத்தான் பிடிக்கவில்லை. அது என்னைத் துரத்தி வருவதாகப் பட்டதால் நான் மணல் மேட்டிலேயே நின்றுகொண்டேன்.

அங்கேதான் அந்த வள்ளம் கிளம்பிக்கொண்டிருந்தது. மூக்கில் நீலப் பட்டை அடித்த வள்ளம், ஒட்டுப்போட்ட பழுப்புப் பாய். ஆட்கள் தள்ளி நீரில் இறக்கி, ஏறியும் ஏறாமலும் இருந்தார்கள். அதைக் கண்டதும் அத்தையின் சிரிப்பு நின்றுவிட்டது. கடலுக்குக் கிளம்புகிறவர்களுக்கு நேர் எதிரே நிற்கிறோம் என்று அப்போதுதான் உணர்ந்திருக்கிறாள். அவசரமாகக் கரையேறி, கவிழ்த்துக் கிடந்த ஒரு வள்ளத்தின் பின்னால் போய் நின்று, என்னையும் இழுத்துக்கொண்டாள். வழக்கமாக நான் சொல்லித்தான் அவள் ஒளிவாள். அன்று என் வேலையை அவளே செய்துவிட்டதில் எனக்குச் சிறிது வருத்தம்.

ஆனால் அந்த வள்ளத்தின் பின்னால் ஏற்கெனவே ஒருவர் இருந்தார். நரைத்த தலையில் வெள்ளைத் துணி போட்ட ஓர் அம்மாள், காயும் மீனுக்குக் காவலாக நீளக் கம்போடு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் மூடி போட்ட தூக்குப்போசி ஒன்று இருந்தது. நீரிலிருந்து இளைஞன் ஒருவன், "உம்மா, சோறு" என்று தன் தாயைப் பார்த்துக் கத்தினான். உம்மா எழுந்திருக்கப் பார்த்து, முழங்காலைப் பிடித்துக்கொண்டு மறுபடி உட்கார்ந்தார். பிறகு கைக்கெட்டும் தூரத்தில் நின்ற அத்தையிடம் போசியை நீட்டி, "மோளே, இதொந்நு அவனு கொடுக்கு" என்றார்.

அத்தை இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய்விட்டாள். "நாங் குடுக்கக் கூடாதுங்க" என்றாள். உம்மாவுக்கு அது மறுப்பு என்று புரிந்தது, காரணம் புரியவில்லை. முழங்காலைத் தட்டிக் காட்டி, முடியவில்லை என்பதாக "வய்யா மோளே" என்றார். அத்தை என்னைப் பார்த்தாள். "கண்ணு, நீ கொண்டுபோயிக் குடுத்துட்டு வா சாமி." நான் அலையைப் பார்த்தேன், அவள் சேலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு போகமாட்டேன் என்று தலையாட்டினேன். வள்ளம் அலையில் திரும்பிக்கொண்டிருந்தது, உள்ளே இருந்தவர்கள் அவனை ஏறச் சொல்லிக் கத்தினார்கள். அத்தை போசியை வாங்கினாள். தண்ணீரின் விளிம்புவரை தலையைக் குனிந்தபடி போனாள். அவன் இடுப்பளவு நீரில் நடந்து வந்து, அவளுக்கு நேராக நின்று, அவள் கையிலிருந்து சோற்றை வாங்கிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் போய் ஏறினான். முகத்துவாரத்து அலையில் வள்ளம் மூக்கை மேலே தூக்கியது, கீழே போட்டது, மறுபடி தூக்கியது. பிறகு வெளியே போய்ச் சின்னதாகிவிட்டது.

அத்தை அங்கேயே நின்றாள். நான் கையைப் பிடித்து இழுத்த பிறகுதான் திரும்பினாள்.

அதற்குப் பிறகு நடந்ததைத்தான் எங்கள் சொந்தத்தில் என் அழிச்சாட்டியம் என்று சொல்கிறார்கள். அத்தை முகத்துவாரத்திலிருந்து கிட்டங்கிவரை நடந்தாள். கிட்டங்கியிலிருந்து முகத்துவாரத்துக்குத் திரும்பினாள். கண் மட்டும் கடலின் மேலேயே இருந்தது. நான் கூடவே நடந்தேன். கிளிஞ்சல் பொறுக்கினேன், பிறகு பொறுக்கியதை எறிந்தேன். வெயில் ஏறி மணல் சுட்டது. என் குதிகாலில் கொப்புளம் வந்தது. அத்தை என்னைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்தாள். அந்த வயதுப் பிள்ளையை யாரும் இடுப்பில் வைக்கமாட்டார்கள். கடல் அத்தைக்கு இவ்வளவு பிடித்துப்போனதே என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

அப்பா பேரத்தை முடித்து, மூட்டைகளை ஏற்றி, கயிறும் கட்டிவிட்டுத் தேடி வந்தார். "போலாமா?" என்றார். அத்தை தன் வாழ்க்கையில் அண்ணனிடம் எதையும் கேட்டவள் இல்லை. அன்றும் தனக்காகக் கேட்கவில்லை. "அண்ணா, பாப்பா இன்னுஞ் சித்த நேரம் கடல் பாக்கோணும்னு சொல்லுதுங்க" என்றாள். நான் வாயைத் திறந்தேன். அவள் என் கையை அழுத்திய அழுத்தத்தில் மூடிக்கொண்டேன். அப்பா டிரைவரைச் சாயாக்கடைக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

காலையில் போன மற்ற வள்ளங்கள் ஒவ்வொன்றாக வரத் தொடங்கின. ஒவ்வொரு பாய் தெரிந்தபோதும் அத்தை நின்றாள். நீலப் பட்டை இல்லை என்று தெரிந்ததும் நடந்தாள். அப்பா இரண்டாம் முறை வந்தபோது அவர் குரல் ஏறியிருந்தது. "கடலென்ன ஓடியா போயிரப் போகுது? அடுத்த வருஷம் வந்து பாத்துக்கலாம், வா அம்முணி." எனக்குப் பசி, கால் எரிச்சல், தூக்கம், எல்லாம் சேர்ந்து வந்தது. ஓவென்று அழுதேன். வீட்டுக்குப் போகலாம் என்றுதான் அழுதேன், ஆனால் அழுகையில் அது வார்த்தையாக வரவில்லை. அப்பா அதைத் தப்பாகப் புரிந்துகொண்டார். "செரி செரி, அழுவாத. வெயில் தாழட்டும்" என்று இறங்கி வந்துவிட்டார். ஒரு பட்டத்தை இவ்வளவு சுலபமாக வாங்கியவள் உலகத்தில் நானாகத்தான் இருப்பேன்.

உம்மா எங்களைக் கூப்பிட்டு உட்காரவைத்தார். எனக்குப் பொரியும் வெல்லமும், அத்தைக்குப் பால் விடாத சாயாவும் வந்தன. உம்மா அத்தையின் வெறும் கழுத்தைப் பார்க்கவில்லை, அங்கே அது பார்க்கிற விஷயம் இல்லை. சும்மா பேச்சுக்காகத்தான், "கெட்டியோன் எவிடெ?" என்று அவள் கணவரைப் பற்றிக் கேட்டார். அத்தை தலையை அசைத்து, "இல்லீங்க" என்றாள். உம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "என்றெ ஆளும் போயி. இவன் வயற்றிலுள்ளப்போ" என்று கடல் பக்கம் காட்டினார். பிறகு காக்கையை விரட்டக் கம்பை எடுத்தார்.

அத்தை சாயாவைக் குடிக்காமல் வைத்திருந்தாள். "ஏனுங்க, தெனமும் நீங்களேதா அவருக்குச் சோறு குடுத்துத் தாட்டி உடுவீங்களா?" என்று கேட்டாள். உம்மாவுக்குப் புரியவில்லை. அத்தை கையை நீட்டிக் கொடுப்பது போலச் செய்து காட்டினாள். உம்மா சிரித்துவிட்டார். "பின்னெ ஆரு கொடுக்கான்?" என்றார். அத்தை அதே கேள்வியை மறுபடியும் கேட்டாள். கேட்ட கேள்வியையே ஏன் கேட்கிறாள் என்று எனக்கு எரிச்சலாக இருந்தது. உம்மா அதே பதிலைச் சொல்லிவிட்டுக் காக்கையைக் கவனிக்கப் போனார். ஒரு பதிலில் தீர்ந்துபோகிற விஷயமாக இருந்திருந்தால் அத்தை அங்கேயே உட்கார்ந்திருப்பாள். சாயாவை ஒரே மூச்சில் குடித்துவிட்டு எழுந்து, மறுபடி நடக்கத் தொடங்கினாள்.

வெயில் தாழ்ந்தது. கரையில் ஏலம் முடிந்து கூட்டம் கலைந்தது. அப்பா தூரத்தில் லாரியின் மேல் கையை ஊன்றி எங்களையே பார்த்துக்கொண்டு நின்றார். அத்தையின் உதடு ஏதோ முணுமுணுத்தபடி இருந்தது. எங்கள் குலதெய்வத்தின் பெயராக இருக்கும். உம்மாவும் இப்போது கம்பை வைத்துவிட்டு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார், ஆனால் உட்கார்ந்தபடிதான்.

நீலப் பட்டையை முதலில் கண்டது நான்தான். "அத்தே, அந்தக் கப்பல்" என்றேன். வள்ளத்துக்கும் கப்பலுக்கும் எனக்கு அன்று வித்தியாசம் தெரியாது. அது முகத்துவாரத்து அலையில் ஏறி இறங்கி உள்ளே வரும்வரை அத்தை என் தோளைப் பிடித்த பிடியில் எனக்கு வலித்தது. வள்ளம் கரை தட்டியதும் ஒவ்வொருவராக இறங்கினார்கள். அத்தை விரலை மடக்கி மடக்கி எண்ணினாள். போனவர்கள் எல்லாரும் இருந்தார்கள்.

மீன் ஒன்றும் பெரிதாக இல்லை. மத்திக் கூட்டம் கண்ணில் பட்டும் வலைக்குள் வரவில்லையாம், அதைத் துரத்திப் போனதில்தான் இவ்வளவு தாமதம். உம்மாவின் மகன் கடுகடுவென்று முகத்தை வைத்துக்கொண்டு, காலி போசியை ஆட்டியபடி வந்தான். சோற்றில் உப்பு போதவில்லை என்று தாயாரிடம் சண்டை பிடித்தான். அத்தை அவனுக்கு முன்னால் போய்க் கையை நீட்டினாள். அவன் அவள் யாரென்றுகூடப் பார்க்காமல் போசியைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டான். அத்தை அதை நீரின் விளிம்புக்குக் கொண்டுபோய், மணல் போட்டுத் தேய்த்து, அலசி, கவிழ்த்துத் தண்ணீரை வடித்து, உம்மாவின் பக்கத்தில் வைத்தாள். அப்புறம் மணலில் உட்கார்ந்து அழுதாள். தேம்பித் தேம்பி அழுதாள். உம்மா அவள் முதுகைத் தடவிக்கொடுத்தார். நாள் முழுக்கப் பார்த்தும் போதாமல், கடலை விட்டு வர இந்த அழுகையா என்று நான் நினைத்தேன்.

லாரியில் மூட்டைகளின் நாற்றத்தோடு வந்தோம். அத்தை என் தலைமேல் தலை வைத்துத் தூங்கினாள். பட்டாம்பி தாண்டும்போது அப்பா டிரைவரிடம், புள்ளைக்குக் கடல் பைத்தியம் பிடிச்சுருச்சு என்று சொன்னது அரைத் தூக்கத்தில் என் காதில் விழுந்தது.

அதன் பிறகு கொஞ்ச நாள் கழித்து, மோட்டார் சாமான் வாங்க அப்பா கோயமுத்தூர் கிளம்பினார். அம்மா தம்பிக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். நான் வழக்கம்போலக் கொல்லைக்கு ஓடினேன். கிணற்றடியில் அத்தை இல்லை. சமையலறையிலும் இல்லை. வாசலுக்கு வந்து பார்த்தால், படிக்குக் கீழே, அப்பா இறங்குகிற வழியில், கையில் தூக்குப்போசியோடு நின்றிருந்தாள்.

அப்பா குடையும் பையுமாக நிலைப்படியில் நின்றுவிட்டார். எனக்குப் பதற்றமாகிவிட்டது, பெரிய தவறு நடக்க விட்டுவிட்டேன் என்று. ஓடிப்போய் அவள் சேலையை இழுத்து, "அத்தே, பொறப்படறாங்க" என்றேன். "தெரியுது கண்ணு" என்றாள். நகரவில்லை.

சகுனம் சரியில்லை என்றால் திரும்பி உள்ளே போய், உட்கார்ந்து, ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுப் புதிதாகக் கிளம்புவது எங்கள் பக்கத்து வழக்கம். அப்பா உள்ளே திரும்பினார். கட்டிலில் உட்கார்ந்தார். அம்மா தம்பியைத் தோளில் போட்டுக்கொண்டு தண்ணீர் கொண்டுவந்தாள். ஒரு சொம்புத் தண்ணீரை அப்பா அவ்வளவு மெதுவாகக் குடித்து நான் பார்த்ததில்லை. அத்தை நகர்ந்துகொள்ள அவர் அவளுக்கு நேரம் கொடுத்தார். பிறகு எழுந்து, குடையை எடுத்து, மறுபடி வாசலுக்கு வந்தார்.

அத்தை அங்கேயே நின்றிருந்தாள். போசியை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். தலை குனியவில்லை. அப்பா அவளைப் பார்த்தார், போசியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு படியிறங்கி வந்து அதைக் கையில் வாங்கிக்கொண்டார். "போயிட்டு வர்றேம்மா" என்றார். கிளம்பும்போது அத்தையிடம் அவர் விடைபெற்று நான் கேட்டது அதுதான் முதல் தடவை. அத்தை "செரிங்கண்ணா" என்றாள். அவர் தெரு திரும்பும்வரை நின்று பார்த்தாள். என் உத்தியோகம் அன்றோடு போனது, யாரும் அதை எனக்குச் சொல்லவில்லை.

அன்று மாலை பஸ் வரும் நேரத்துக்கு வெகு முன்பே அத்தை கால்வாய்க் கரைக்குப் போய்விட்டாள். நானும் போனேன். பாலத்திலிருந்து பனைமரம்வரை நடந்தாள். பனைமரத்திலிருந்து பாலத்துக்குத் திரும்பினாள். கண் பஸ் வரும் சாலையிலேயே இருந்தது. நான் கொஞ்சம் கூட நடந்துவிட்டு, அலுத்துப்போய்ப் பாலத்துச் சுவரில் ஏறி உட்கார்ந்துகொண்டேன். பஸ் தாமதமாகத்தான் வந்தது. அப்பா ஒரு கையில் இரும்புச் சாமானும் மறு கையில் தூக்குப்போசியுமாக இறங்கினார். அத்தை போசியை வாங்கி, கால்வாய்ப் படியில் இறங்கி, மணல் போட்டுத் தேய்த்துக் கழுவினாள். கழுவி முடிக்கும்வரை அப்பா அவசரப்படாமல் நின்றார். பிறகு வரப்பில் அத்தை முன்னால் நடந்தாள், அப்பா அவள் பின்னால் வந்தார்.

நான் அவர்களுக்கும் பின்னால், மனசு கொதித்துக்கொண்டு நடந்தேன். வெறும் வாய்க்கால் தண்ணீரைக் கண்டால்கூட அத்தையால் இப்படி நடக்காமல் இருக்க முடியவில்லையே, பைத்தியம் அவளுக்கா எனக்கா? அடுத்த வருஷம் மீன் உரத்துக்குப் போகும்போது இவளை மட்டும் கூட்டிக்கொண்டு போகச் சொல்லி, அந்தப் பெயரையும் இவளுக்கே கொடுத்துவிட வேண்டும் என்று அன்று நான் முடிவு செய்துகொண்டேன்.